மரித்தோர் பட்டியலில் இரண்டு பேர்

ஞானஸ்நானப் புத்தகம் அந்த அலமாரியிலதான் இருக்கு தம்பி, ஆனா சாவி பங்குச் சாமிகிட்டல்லா இருக்கு. சாமி பக்கத்து ஊர்ல சாகக் கெடக்குத ஒரு பெரியவருக்கு எண்ணெய் பூசப் போயிருக்காவ. வந்துருவாவ. இந்த வெயில்ல எங்க போயி நிப்பீங்க, இங்கனயே இருங்க. ஃபேன் மெதுவாத்தான் சுத்தும். நான் கொஞ்சம் அதிகமாப் பேசுவேன், காது வலிச்சா சொல்லிருங்க.

நான் இந்தக் கோயில் உபதேசியார். பேரு இன்னாசி. சாமிக்கு மூணு ஊரு. அவிய இல்லாத நேரம் செபம் சொல்லுதது, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் படிச்சுக் குடுக்கது, சாவு வீட்ல பிரசங்கம் வைக்கது எல்லாம் நான்தான். முப்பத்திரெண்டு வருஷமாச்சு.

மேசையில கெடக்குத தாளப் பாக்கிறீங்க. மரிச்சவங்க பேரு. நாளைக்கழிச்சு கல்லறைத் திருநாள். அன்னைக்கு ஒருநாள் பூசையில எல்லாப் பேரையும் மைக்குல வாசிப்போம், கேக்கிறவங்க அவங்கவங்க ஆத்துமாவுக்காக வேண்டிக்கிடுவாங்க. போன வருஷம் இதுல ஒரு பேர எழுதப் போயி எனக்கு வந்த கேவலம் கொஞ்சநஞ்சமில்ல. எல்லாம் ஜெசிந்தான்னு ஒரு பிள்ளையால வந்தது. நீங்க அசலூரு, உங்ககிட்டச் சொன்னா என்ன?

முதல்ல என் பிரசங்கத்தப் பத்திச் சொன்னாத்தான் உங்களுக்கு வெளங்கும். பீத்திக்கிடுதேன்னு நெனைக்காதீங்க. இந்தக் கரையில நாலஞ்சு ஊர்ல எந்தச் சாவுன்னாலும் 'இன்னாசி உபதேசியாரக் கூப்பிடுங்க'ம்பாங்க. போன உடனே நான் பேச மாட்டேன். அழட்டும்னு விட்டிருவேன். தொண்ட வறண்டு கொஞ்சம் அடங்குமில்லா, அப்ப எந்திரிப்பேன். 'பொண்ணக் கட்டிக் குடுத்து அனுப்பும்போது இந்த வீட்ல என்ன சத்தம்? அழுகச் சத்தம். அதே நேரம் மாப்பிள வீட்ல என்ன சத்தம்? ஆலாத்தி எடுக்காங்க, சிரிப்புச் சத்தம். சாவும் அதுதான். இந்த வீட்டு வாசல்ல அழுதுக்கிட்டு நிக்கோம். மோட்ச வாசல்ல நம்ம ஆளுக்கு ஆலாத்தி எடுத்துக்கிட்டிருக்காங்க'ம்பேன். அந்த இடத்துல அம்புட்டுப் பேரும் அழுகைய நிப்பாட்டிருவாங்க. எத்தன தாய்மாருக்கு அதச் சொல்லிச் சொல்லியே கஞ்சி குடிக்க வச்சிருக்கேன் தெரியுமா?

இது பலிக்காத ஒரே ஆளு ஜெசிந்தா.

மூணு வருஷத்துக்கு முந்தி கார்த்திகையில ஒரு புயல் அடிச்சிது. எங்க ஊரு வள்ளம் ஒண்ணு, நாலஞ்சு நாள் கடல்லயே தங்கி மீன் பிடிக்கத் தங்கலுக்குப் போனது, திரும்பல. அதுல நாலு பேரு. ரெண்டு பேரு நாலாம் நாள் கரை ஒதுங்குனாங்க. அடையாளம் பாத்து, அடக்கம் பண்ணி, எல்லாம் ஆச்சு. மத்த ரெண்டு பேரும் கெடைக்கல. ஒருத்தன் டைட்டசு, ஜெசிந்தா புருஷன். இன்னொருத்தன் தொபியாசு.

தொபியாசு என் மகன்.

ஒண்ணும் சொல்லாண்டாம் தம்பி. உக்காருங்க, உக்காருங்க. நான் தேறிட்டேன். ஊருக்கெல்லாம் சொல்லுதவன் எனக்குச் சொல்லிக்கிட மாட்டேனா? ஒரே பிள்ள. இருபத்தாறு வயசு. கடலுக்குப் போகாதல, கப்பல் படிப்புப் படின்னு சொன்னேன், கேக்கல. அது வேற கத.

தேடுனோம். கப்பல்காரங்க தேடுனாங்க, ஹெலிகாப்டர் வந்திது, நாங்களும் நாப்பது வள்ளம் போனோம். ஒரு செருப்புகூடக் கெடைக்கல. அப்ப சாமி ரெண்டு வீட்டுக்கும் வந்து, 'உடம்பு கெடைக்காட்டாலும் நாப்பத்தோராம் நாள் பூச வச்சு, துணிமணிய ஒரு பெட்டியில வச்சு அடக்கம் பண்ணிரலாம், உங்க மனசுக்கு ஒரு முடிவு வேணும்லா'ன்னு கேட்டாவ. நான் அந்த இடத்துலயே சரின்னுட்டேன். உபதேசியார் வீடே தயங்குனா ஊரு என்ன பேசும்? தொபியாசு சட்டையும் ஒரு பேன்டும் எடுத்து நானே மடிச்சு வச்சேன். வீட்ல பிரசங்கமும் நானே வச்சேன். சாமி வேண்டாம்னுதான் சொன்னாவ. அன்னைக்குப் பேசுன மாதிரி நான் என்னைக்கும் பேசுனதில்ல தம்பி, ஊரே சொல்லிச்சு. ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. என் வீட்டுக்காரி மரியநேசமும் அழல. சொவத்துல சாஞ்சு அந்தப் பெட்டியப் பாத்துக்கிட்டே இருந்தா. என் பேச்சுல அவளுக்கும் மனசு ஆறிட்டுன்னு எனக்கு ஒரு நிம்மதி.

ஜெசிந்தா மட்டும் முடியாதுன்னுட்டா. சாமியப் பாத்தே, 'ஆளு செத்துட்டாருன்னு உங்களுக்கு யாரு சாமி சொன்னா?'ன்னு கேட்டா. தாலியக் கழத்தல. கலர் சேல உடுத்துதா, ஞாயித்துக்கிழம தலையில பூ வச்சுக்கிட்டு பூசைக்கு வாரா. அவன் செல்போன் நம்பர் செத்துரக் கூடாதுன்னு மாசாமாசம் ரீசார்ஜ் பண்ணுதா. கடல்ல போன போனுக்கு ரீசார்ஜ்! ஊர்ல சிரிச்சாங்க. பெறகு ஏசுனாங்க.

நான் அப்படி விட முடியாதுல்லா. ஒரு ஆத்துமாவ எப்படி விட? மூணு தடவ அவ வீட்டுக்குப் போனேன். முதத் தடவ மோட்சத்தப் பத்திச் சொன்னேன். நித்திய வாழ்வு, கண்ணீர் இல்லாத தேசம், அங்க டைட்டசு உனக்காகக் காத்திருக்கான், எல்லாம் சொன்னேன். மீன அறுத்துக்கிட்டே கேட்டா. 'நித்திய வாழ்வு இருக்கட்டும் மாமா. நான் இல்லைங்கல. அது எங்கயும் போயிராது. முதல்ல அவரு இந்த வாழ்வுல இருக்காரா இல்லையான்னு சொல்லுங்க'ங்கா.

ரெண்டாந் தடவ அந்தப் பொண்ணு, மாப்பிள வீடு, ஆலாத்தி, அதச் சொன்னேன். எப்பேர்ப்பட்ட கல்லும் கரையும். அவ அருவாமணைய நிமித்தி வச்சிட்டு என்னப் பாத்து, 'கட்டிக் குடுத்த பொண்ணு போய்ச் சேந்துட்டேன்னு ஒரு போன் போடுவாள்லா மாமா?'ன்னு கேட்டா.

மூணாந் தடவ கொஞ்சம் கடுமையாவே சொன்னேன். 'மக்களே, அவன் செத்து, பாவக்கடன் தீருத வரைக்கும் உத்தரிக்கிற ஸ்தலத்து நெருப்புல கெடந்தான்னா, நீ வேண்டுனாத்தான அவனுக்கு விடுதல? நீ புருஷன் மேல இருக்குத ஆசையில அவன நெருப்புல போட்டு வச்சிருக்க'ன்னேன். அதுக்குத்தான் அவளுக்குக் கண்ணு கலங்குச்சு. தன் செல்போன எடுத்து அவன் நம்பரப் போட்டு, ஸ்பீக்கர்ல வச்சு என் பக்கம் நீட்டுனா. தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்காருன்னு ஒரு பொம்பள சொல்லுதா. 'கேட்டீங்களா மாமா? வெளியேன்னுதான சொல்லுதா. செத்துட்டாருன்னு சொல்லலையே'ங்கா.

இப்படி ஒரு பைத்தியக்காரத்தனம் உண்டுமா? இதுல எரியுததுக்கு எண்ணெய் ஊத்துன மாதிரி, பக்கத்து ஊர்ல கடல்ல காணாமப் போன ஒருத்தன் பதினாலு மாசம் கழிச்சு எங்கயோ ஒரு அந்நிய தேசத்து ஜெயில்ல இருந்து திரும்பி வந்துட்டான். அவனுக்கும் பெட்டி வச்சு அடக்கம் பண்ணியிருந்தாங்க. அவன் கல்லறைய அவனே போயிப் பாத்தானாம். ஊரெல்லாம் அதே பேச்சு. நான் ஒரு வாரம் சாப்பிடல. சந்தோஷப்பட்டேன், இல்லைங்கல, ஒரு கிறிஸ்தவன் பொழச்சு வந்தா சந்தோஷம்தான. ஆனா இதக் கேட்டு ஜெசிந்தா இன்னும் இறுக்கிப் பிடிச்சிருவாளேன்னுதான் கவல. வேற என்ன?

என் வீட்டுக்காரி நல்லவ. தெனமும் சாயங்காலம் ஜெசிந்தா வீட்டுக்குப் போவா. ஊருக்குத் தென்கோடி, கடக்கரை மணல்ல ஒரு மைல் நடக்கணும். அந்தப் பிள்ளைக்கு ஆறுதல் சொல்லத்தான் போறான்னு எனக்குப் பெருமை. தொபியாசு கல்லறைக்குத்தான் அவளால வர முடியாது. கோயிலுக்குப் பின்னாலதான் இருக்கு, எட்டிப் பாத்தாத் தெரியும். ஆனா மூட்டுவலி. கூப்பிட்டுப் பாத்தேன், 'முட்டு மடங்க மாட்டேங்கு, நீங்க போயிட்டு வாங்க'ம்பா. நானே போயி வெள்ளையடிச்சு, பூப் போட்டு, மெழுகுதிரி ஏத்தி வச்சிட்டு வருவேன்.

போன வருஷம் இதே நாளு, இதே மேசையில உக்காந்து பட்டியல் எழுதுதேன். அந்த வள்ளத்துல போன நாலு பேர்ல மூணு பேரு வரிசையா வந்துட்டு. டைட்டசு இல்ல. பட்டியல் மொட்டையா இருக்கு. எனக்கு அந்த எடம் உறுத்திக்கிட்டே இருந்துச்சு. மூணு பேரு செத்தா நாலாவது ஆளு மட்டும் எப்படி உயிரோட இருப்பான்? அவன் இருந்தா இவனும்... இல்ல, நான் சொல்ல வந்தது என்னன்னா, அந்த ஆத்துமாவுக்கு வேண்ட ஆளில்ல. பொண்டாட்டி வேண்ட மாட்டேங்கா. ஊரே சேந்து வேண்டட்டுமேன்னு எழுதிட்டேன். சாமிகிட்டக் கேக்கல. அது தப்புதான். நல்ல எண்ணத்துல பண்ணுன தப்பு.

கல்லறைத் திருநாளு காலையில பூச. கல்லறைத் தோட்டத்துலயே பந்தல் போட்டு, பீடம் வச்சு. நான் வெள்ளச் சட்ட போட்டு மைக்குகிட்ட நிக்கேன். பாத்தா, மரியநேசம் நடந்து வாரா! எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். முட்டு தேவலையாயிட்டுன்னு நெனச்சேன். ஆனா அவ நம்ம பிள்ள கல்லறைக்கு வரல. ஜெசிந்தாவோட ஆத்தா கல்லறை அந்த மூலையில இருக்கு, ஜெசிந்தா அதத் தொடச்சுக்கிட்டு இருக்கா, இவ போயி அவ பக்கத்துல உக்காந்துக்கிட்டா. சரி, கூட்டத்துல வழி கெடைக்கலபோலன்னு விட்டுட்டேன்.

சாமி நல்லாப் பிரசங்கம் வச்சாவ. 'சாவு ஒரு வாசல். நமக்கு அது வெளிய போற வாசல், ஆண்டவருக்கு அது பிள்ள உள்ள வார வாசல்'ன்னாவ. என் ஆலாத்தி அளவுக்கு இல்ல, ஆனாலும் நல்லா இருந்திச்சு. பெறகு நான் பட்டியல் வாசிக்க ஆரம்பிச்சேன். ஒவ்வொரு பேருக்கும் அந்தக் கல்லறைகிட்ட இருக்கிறவங்க சிலுவ போட்டுக்கிடுதாங்க. அந்த வள்ளத்து ஆளுங்க ரெண்டு பேரையும் வாசிச்சேன். தொபியாஸ்னு வாசிச்சேன். அடுத்தாப்பல டைட்டஸ்னு வாசிச்சேன்.

ஜெசிந்தா எந்திரிச்சா. சத்தம் போடல. "மாமா, அந்தப் பேரு செத்தவங்க பேரு இல்ல. எடுத்துருங்க."

"உக்காரு மக்களே, பூச முடியட்டும், பெறகு பேசுவோம்." நான் மெதுவாத்தான் சொன்னேன். மைக்கு ஆன்ல இருக்கு, ஊருக்கே கேக்கு.

"பெறகு இல்ல மாமா. வாசிச்ச வாயால இப்பவே எடுங்க."

சாமியப் பாத்தேன். அவிய தலையக் குனிஞ்சுக்கிட்டாவ. சரி, கூட்டத்துல ரசாபாசம் ஆகாண்டாம்னு மைக்கப் பிடிச்சு, 'டைட்டஸ் பேரு தவறுதலா வாசிச்சாச்சு, அத விட்டிருங்க'ன்னேன். சொல்லி வாய மூடல. அந்தப் பிள்ள பக்கத்துல கல்லறையப் பிடிச்சுக்கிட்டு மரியநேசம் எந்திரிக்கா. ஒரு கையால முட்டப் பிடிச்சிருக்கா.

"அதுக்கு முந்தி வாசிச்ச பேரையும் எடுங்க."

முந்தி வாசிச்சது எது? தொபியாசு. அம்புட்டுச் சனமும் என்னப் பாக்கு. மைக்கு காத்துல பொத்துபொத்துன்னு அடிக்கு. கல்யாணம் கட்டி முப்பது வருஷத்துல அவ என்ன எதுத்து ஒரு வார்த்த சொன்னதில்ல தம்பி. அதுவும் சபையில. நான் எடுக்கல. எடுக்கலன்னும் சொல்லல. கண்ணாடி வேர்த்துப் போச்சு, தாள்ல எழுத்தே தெரியல. அடுத்த பேரு எதுன்னு கைய வச்சுத் தேடித் தேடி மிச்சத்த வாசிச்சு முடிச்சேன்.

பூச முடிஞ்சு சாமி என்னத் தனியாக் கூப்பிட்டாவ. ஏசுவாவன்னு நெனச்சேன். ஏசல. 'உபதேசியாரே, நான் அவசரப்பட்டுட்டேனோன்னு இருக்கு. உங்க மகன் பேர எந்தப் பக்கம் எழுதணும்னு எனக்குத் தெரியல. நீங்களே வீட்ல பேசிக்கிடுங்க'ன்னாவ. ஒரு சாமியாருக்கே தெரியலன்னா எனக்கு எப்படித் தெரியும்?

அன்னைக்கு மத்தியானம் அவ சோறு போட்டா. நான் தட்டத் தொடல. 'சாயங்காலமாப் போயி அங்க என்னத்தடி பண்ணுவீங்க ரெண்டு பேரும்?'ன்னு கேட்டேன். ஒளிக்கல. ரெண்டு பேரும் சேந்து ரெண்டு நம்பருக்கும் போன் போடுவாங்களாம். முதல்ல டைட்டசு நம்பரு, பெறகு தொபியாசு நம்பரு. அவன் நம்பருக்கும் அந்தப் பிள்ளதான் ரீசார்ஜ் பண்ணுதாம். அந்தப் புயல் அடிச்சதுல இருந்தே. எனக்கு ஒரு வார்த்த தெரியாது. ஆறுதல் சொல்லப் போறான்னுல்லா நான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

கோவம் வரல. சாவு வீட்ல பேசுத மாதிரியே பொறுமையாப் பேசுனேன். 'நேசம், நமக்கு நம்பிக்க இருக்கு. இது பிரிவே இல்ல. மோட்சத்துல நம்ம பிள்ளையக் கண்டிப்பாப் பாப்போம்'னேன். அவ கொழம்பு ஊத்திக்கிட்டே சொன்னா: "நீங்க அங்க பாத்துக்கிடுங்க. அவன் இங்க வந்தா கதவத் தொறக்க ஒரு ஆளு வேணும்லா. நான் இருக்கேன்."

பெறகு, "பெட்டியில அந்தக் கட்டம் போட்ட சட்டையத்தான வச்சீங்க? அது அவனுக்குப் பிடிக்கவே பிடிக்காது. ஒருநாள்கூடப் போட்டதில்ல"ன்னா. எனக்கு அது தெரியாது. மேல மடிச்சு இருந்திச்சு, புதுசா இருந்திச்சு, எடுத்து வச்சேன். பிள்ளைக்கு எந்தச் சட்ட பிடிக்கும்னு தகப்பன் பாத்துக்கிட்டா இருப்பான், சொல்லுங்க.

அதுக்குப் பெறகு ஒரு சாவு வீட்ல பிரசங்கம் வச்சேன். பொண்ணு, மாப்பிள வீடு வரைக்கும் வந்துட்டேன். ஆலாத்திங்கிற எடத்துல நாக்கு நின்னு போச்சு. எல்லாரும் என் மூஞ்சியப் பாக்காங்க. தொண்ட கட்டிட்டுன்னு சொல்லி, செபமால சொல்ல ஆரம்பிச்சிட்டேன். இப்பல்லாம் அந்த எடத்த விட்டுட்டுத்தான் பேசுதேன். பேச்சு சப்புன்னு இருக்கு. சனங்க அழுகைய நிப்பாட்ட மாட்டேங்காங்க.

எனக்கு விசுவாசம் கொறஞ்சிட்டுன்னு நெனச்சிராதீங்க தம்பி. மோட்சம் இருக்கு. நித்திய வாழ்வு இருக்கு. அதுல எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல. ஆனா மோட்சத்துக்குப் போக முதல்ல ஆளு செத்திருக்கணும்லா? என் பிரச்சினை அங்கதான் நிக்கி. செத்தவங்களுக்குக் கேக்குத மாதிரி அவனுக்கு இளைப்பாற்றி குடும் ஆண்டவரேன்னு வேண்டுனா, பெத்த பிள்ள சாகணும்னு வேண்டுத மாதிரி இருக்கு. ஜெயில்லயோ தீவுலயோ கஞ்சிக்கு இல்லாமக் கெடக்குதவனுக்கு அப்பன் இங்க கல்லறைச் செபம் சொல்லிக்கிட்டு இருந்தா அது பாவம் இல்லையா? சரி, வேண்டாம இருந்துரலாம்னு பாத்தா, அவன் நெசமாவே போயி, உத்தரிக்கிற ஸ்தலத்துல நின்னுக்கிட்டு, 'அப்பா ஊருக்கெல்லாம் வேண்டுதாரு, எனக்கு ஒரு வார்த்த சொல்ல மாட்டேங்காரே'ன்னு எதிர்பாத்துக்கிட்டு இருந்தான்னா? ஜெசிந்தாவ அன்னைக்கு நான் கேட்ட கேள்விதான் இது. அவ பதிலுக்குச் செல்போன நீட்டுனா. எனக்கு நீட்டுததுக்கு ஒண்ணும் இல்ல.

ஆமா, தாள்ல நீங்க தேடுத எடம் எனக்குத் தெரியுது. அந்த வள்ளத்துப் பேரு ரெண்டுதான் எழுதியிருக்கேன். அதுக்குக் கீழ ரெண்டு வரி சும்மா கெடக்கு. காலையில இருந்து பேனாவப் பிடிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன், நீங்க வந்தீங்க.

வீட்ல நாங்க சண்ட போடுததில்ல. பேச்சும் இருக்கு. சாமியார் பைக்குச் சத்தம் மாதிரி இருக்கு, அவியதான் வாராவ. நீங்க எந்திரிக்காண்டாம், வண்டிய நிறுத்திட்டு உள்ள வரட்டும். இதையும் சொல்லி முடிச்சிருதேன். நேத்து காலையில அவ அடுப்படியில நின்னுக்கிட்டு அவ செபத்தச் சொல்லுதா, எம்பிள்ள எங்க இருந்தாலும் சொகமா வந்து சேரணும்னு. எனக்குக் கேக்கணும்னு சொல்லல, ஆனாக் கேக்கு. நான் முன்னறையில திருஇருதய ஆண்டவர் படத்துக்கிட்ட முழங்கால்ல நின்னு, தொபியாசுக்கு நித்திய இளைப்பாற்றி குடும்னு சொல்லுதேன். ஒரே வீட்ல இருந்து ஒரே பிள்ளைக்கு ஆண்டவர்கிட்ட ரெண்டு விண்ணப்பம் போகுது. சிலுவ போட்டுட்டு எந்திரிச்சேன். எந்திரிச்சவன் வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்து மறுபடியும் முழங்கால் போட்டேன்.

'ஆண்டவரே, இப்ப நான் கேட்டதக் குடுத்துராதேயும்'னு சொன்னேன்.